கடைசியாகத் தின்ற சுறா

பெரிய சுறா ஒன்று செத்து அழுகினால் முதலில் கழன்று விழுவது தாடை. அப்புறம் செவுள். மிஞ்சுவது சின்ன மண்டையும் நீளமான முதுகுத்தண்டும்தான். அது கரை ஒதுங்கினால் நீளக் கழுத்து மாதிரி தெரியும். டைனோசர் காலத்துக் கடல் பிராணி எழுந்து வந்துவிட்டதென்று ஊரே திரண்டுவிடும். என் வேலையில் இது அரிச்சுவடி. அருங்காட்சியகத்தில் செத்த பிராணிகளை அறுத்து அடையாளம் சொல்லும் மேசையில் பதினொரு வருடமாக நிற்கிறேன்.

எங்கள் தலைவருக்கு இந்த அரிச்சுவடி தெரியாதென்று சொல்லமாட்டேன். மறப்பது வசதியாக இருந்தது. அவர் ஓய்வு பெற ஐந்து மாதம் பாக்கி. முப்பத்திரண்டு வருடத்தில் அவர் கண்டுபிடித்ததெல்லாம் யார் யார் தாமதமாக வருகிறார்கள் என்பதுதான். அவர் என் மாமனார். துணைத் தலைவர், என் கணவர். ஆபீஸில் வாயைத் திறந்தால் வீட்டிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

லாரியில் வந்து இறங்கிய சடலம் ஒன்பது மீட்டர். மாமனார் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு இரண்டு சுற்று சுற்றினார்.

“கழுத்தப் பாரும்மா! கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி அழிஞ்சுபோன இனம்!”

நான் அந்தக் ‘கழுத்தில்’ கத்தியை வைத்தேன். முள்ளங்கி மாதிரி நறுக்கென்று வெட்டுப்பட்டது.

“மாமா, இது எலும்பே இல்ல, குருத்தெலும்பு. சுறா.”

“கடல்ல ஊறினா எலும்பும் இளகும். நீ சும்மா இரும்மா.”

மறுநாள் மீனவர்கள் அதே கரையில் கிடந்த தாடையைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார்கள். மண்டையில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. அப்பாடா, விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். மாமனாருக்கோ என்னைவிடச் சந்தோஷம்.

“பாத்தியா! சுறாவ அடிச்சுத் தின்னிருக்கு. இதுதான் அதோட கடைசிச் சாப்பாடு!”

ஒரு பிராணியின் வாயையே அதன் சாப்பாடாக்கிய புத்திசாலியை அன்றுதான் பார்த்தேன். அப்படியே சீட்டு எழுதி ஒட்டவும் சொன்னார்.

கணவர் சமையலறையில் என்னிடம், “நீ சொல்றதுதான் சரி, எனக்கே தெரியுது” என்றார். கட்டுரை எழுத முடிவெடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும், “அப்பா சொல்றதுல விஷயம் இருக்கு” என்றார். வீட்டில் ஒரு பேச்சு, ஆபீஸில் ஒரு பேச்சு.

அன்று மாலை அவரைப் பிடித்துக்கொண்டேன். “சதைத் துண்ட வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கேன். முடிவு வர்ற வரைக்கும் பொறுங்க. முடியாட்டி, எழுதினவங்க வரிசையில என் பேரு வரக்கூடாது. பதினொரு வருஷத்துல ஒரு தப்பான அடையாளம்கூட என் பேர்ல இல்ல. நான் சம்பாதிச்சது அது ஒண்ணுதான்.”

“சத்தியமா வராது” என்றார்.

அவர்கள் பொறுக்கவில்லை. மூன்றாம் வாரமே எங்கள் அருங்காட்சியக இதழில் கட்டுரை அச்சாகிவிட்டது. கணவர் இதழை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, பரிசு கொண்டுவந்தவர் போலச் சிரித்தபடி என் மேசைக்கு வந்தார்.

“எழுதினது அப்பாவும் நானும் மட்டும்தான். பாத்துக்கோ.”

பக்கத்தைப் புரட்டினார். புதுப் பிராணிக்குப் புது அறிவியல் பெயர் வேண்டுமே. லத்தீன் வால் ஒட்டி, கொட்டை எழுத்தில், என் பெயரை வைத்திருந்தார்கள்.

“நான்தான் அப்பாகிட்ட சொன்னேன். உன் கோபம் ஆறட்டும்னு.”

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் துறையில் ஒருமுறை அச்சான பெயரை யாரும் அழிக்க முடியாது. தவறென்று நிரூபித்தாலும், தவறு என்ற குறிப்போடு உலகப் பட்டியல்களில் அது கிடந்துகொண்டே இருக்கும். இது அவருக்கும் தெரியும். யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வியாழக்கிழமை ஆய்வு முடிவு வந்தது. சுறா. மாமனார் நிருபர்களிடம், “அறிவியல்ல இதெல்லாம் சகஜம்” என்றார். கைதட்டல் வாங்கிக்கொண்டு ஓய்வும் பெற்றார். கணவர் தலைவரானார்.

வருடக் கடைசியில் எங்கள் பட்டியலைத் திருத்தும் வேலை வழக்கம்போல என்னிடமே வந்தது. அந்தச் சடலத்துக்கான இடத்தில் என் பெயரை எழுதி, பக்கத்தில் ‘செல்லாது’ என்று எழுதினேன். கோபத்தில் கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். பதிவில் பிழை ஒன்றும் இல்லை. சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.