மகானுக்கு முளைத்த மூக்கு

மடத்து நூலகத்தில் பழைய ஏடுகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. பூச்சி, எலி எல்லாவற்றையும் சமாளித்துவிட்டேன், பக்தர்களைத்தான் முடியவில்லை. கூடத்து மேசையில் விரித்திருக்கும் தோல் புத்தகத்தில் எங்கள் மகானின் படம் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் இச்சு இச்சென்று முத்தம் கொடுத்து, மூக்கு போச்சு, வாய் போச்சு. மிச்சம் தாடிதான்.

"இப்படியே விட்டா தாடியும் போயிடும், ஐயா!" என்று மடத்துத் தலைவரிடம் கத்தினேன். மனிதர் அரண்டுபோய்ச் சம்மதித்தார். அந்தப் பக்கத்தை எப்போதோ எடுத்த புகைப்படத்தைத் தடித்த தாளில் அச்சடித்து, பழசாகத் தெரிய டீத்தண்ணீரில் நனைத்து, அதேபோன்ற தோல் அட்டைக்குள் ஒட்டி, நகல் ஒன்று செய்து மேசையில் வைத்தேன். அசல் நிலவறைக்குப் போனது. எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்தப் புகைப்படத்தில் மூக்கு இருந்தது. அங்கேதான் கோட்டை விட்டேன்.

மறுநாள் முதல் ஆளாக வந்த என் மாமியார் போட்ட கூச்சலில் கூடமே அதிர்ந்தது. "ஐயோ, மகானுக்கு மூக்கு முளைச்சிருச்சு!"

அப்புறம் கேட்க வேண்டுமா? கூட்டம் அலைமோதியது. ஒரு பணக்காரப் பக்தர் ஈரம் புகாத கண்ணாடிப் பெட்டியே வாங்கிக் கொடுத்தார், என் டீத்தாளுக்கு! அதே வாரம் நிலவறையில் அசலைப் பிரித்தால், ஓரமெல்லாம் பூஞ்சை. தலைவரிடம் ஓடினேன்.

"பெட்டிய அசலுக்குக் குடுங்க ஐயா. இல்லன்னா செத்துரும்."

"மூக்கில்லாதத உள்ள வச்சா என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க. வேணும்னா உன் மாமியார்கிட்ட நீயே உண்மையச் சொல்லேன்."

அதைவிட நான் பூஞ்சையோடே குடித்தனம் நடத்துவேன்.

அசலைத் துடைத்து, உலர்த்தி, பழைய துணியில் சுற்றி, ஓசைப்படாமல் பெட்டிக்குள் வைத்தேன். அதன் மேல் நகலை நிறுத்தினேன். பெட்டி ஒன்று, உள்ளே இரண்டு. தலைவர் பார்த்தார், பார்க்காததுபோல் போய்விட்டார்.

மாமியார் கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தார். "ஏம்மா, மகானுக்கு அடியில எதுக்கு இந்த அழுக்கு மூட்டை? தூக்கிப் போட்டுட்டு நல்ல பலகையா வையேன்."

"வேண்டாம் அத்தை. இது இல்லன்னா அவர் நிக்கமாட்டார்."

சொல்லும்போதே அழுதுவிட்டேன். என்னை எப்போதும் நாத்திகச் சிறுக்கி என்று திட்டுகிறவர், பக்தி வந்துவிட்டதென்று பூரித்துப்போய் என் கண்ணைத் துடைத்துவிட்டார்.