இரண்டு கைக்குட்டை

"ரெண்டு கைக்குட்டை எடுத்துக் குடு" என்பதுதான் என் கணவர் துர்சுன் என்னிடம் கடைசியாகக் கேட்டது.

வியாழக்கிழமை. பருத்தி எடுப்புக் காலம். முற்றத்துத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே பலோ சோற்றுக்குக் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட இரண்டை எடுத்து நீட்டினேன்.

"சளிகூட இல்லியே. ஒண்ணு போதாதா?"

"கொட்டகையில ஒரே தூசு."

"ஒவ்வொரு மூக்குத் துவாரத்துக்கும் ஒண்ணாக்கும்?"

சிரித்தார். "சோத்துல பூண்ட முழுசாப் போடு. போன வாரம் மாதிரி உரிச்சுக் கெடுத்துடாத" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை வாசலுக்கு உருட்டினார். அந்தப் பழைய இந்தியப் படத்துக்குத்தான். எண்ணெய் ஆலை மன்றத்தில் வசந்தகாலத்திலிருந்து வியாழன்தோறும் அதைத்தான் ஓட்டினார்கள். வேறு படம் போட்டால் எங்கள் கோகந்த் ஊர் ஜனங்கள் வாசலில் நின்று சண்டை பிடித்தார்கள்.

அந்தப் படத்தை நானும் ஒருமுறை பார்த்திருந்தேன், பிள்ளை வயிற்றில் இருந்தபோது. வெள்ளத்தில் குழந்தையைப் பறிகொடுத்த ஒருத்தி, அதன் சட்டையை ஆற்றில் அலசுகிறாள். சட்டை கை நழுவிப் போகிறது. அவள் கரையோடு ஓடிக்கொண்டே ஒரு முழுப் பாட்டு அழுகிறாள். யாரோ ஓர் உஸ்பெக் பெண் அவளுக்குக் குரல் கொடுத்திருந்தாள். வாய் ஒரு பக்கம் போனது, பேச்சு ஒரு பக்கம் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். சண்டை என்றால் கோடாலி தூக்குகிற மனிதர், முகமெல்லாம் ஈரம். இதில் அழ என்ன இருக்கிறது என்று துர்சுனிடம் கேட்டேன். "ஒண்ணும் இல்லதான்" என்றார் அப்போது.

பிள்ளை பிறந்து, தொட்டிலில் இடும் சடங்குக்குப் பெண்களை அழைப்பதற்குள் போய்விட்டது. என் மாமியார் ரோஹத் அத்தை வீட்டில் யாரையும் அழவிடவில்லை. "பச்சப்புள்ளைக்கு அழக் கூடாதுடி. அது சொர்க்கத்துப் பறவை. உன் கண்ணீர் பட்டா றெக்க நனைஞ்சு பறக்க முடியாமப் போயிடும்." அத்தை இதைப் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னார். துர்சுனுக்கு முன்னால் மூன்று பிள்ளைகளைப் புதைத்தவர். அதனால்தான் நான்காவதுக்குத் துர்சுன், 'இருக்கட்டும்', என்று பெயர் வைத்தார். அவர் சொன்னால் எதிர்த்துப் பேச என்னிடம் என்ன இருந்தது. நான் அழவில்லை. துர்சுனும் அழவில்லை.

அதற்குப் பிறகுதான் அவருடைய வியாழக்கிழமைகள் தொடங்கின. என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வரும்போது இரண்டு கைக்குட்டையும் ஈரமாக இருக்கும். ஒன்றின் மூலையில் பல் பதிந்த தடம் இருக்கும். துவைக்கிற கல்லில் அதை விரித்து வைத்துப் பார்ப்பேன். முகர்ந்தும் பார்ப்பேன். உப்பு வாடையைத் தவிர ஒன்றும் இல்லை. ஆண்பிள்ளை கைக்குட்டையை எதற்குக் கடிக்கிறான்? அது ஒரு பெண்ணின் பல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சின்னப் பல், வரிசையான பல். கடைவீதியில் பெண்கள் சிரித்தால் அவர்கள் வாயைத்தான் பார்த்தேன்.

அந்தக் கடைசி வியாழன் கால்வாய்ப் பாலத்தில், பருத்தி ஏற்றி வந்த டிராக்டர் வண்டி அவரை மோதிவிட்டது. படத்துக்குப் போகும் வழியில். அவருடைய பையில் இருந்ததை எல்லாம் என் மடியில் வைத்தார்கள். இரண்டு கைக்குட்டையும் மடிப்புக் கலையாமல், உலர்ந்து இருந்தன.

பெரியவர்களுக்கு அழலாம். அழ வேண்டும். துக்கத்துக்குரிய நீல உடுப்பு உடுத்தி என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். ஒப்பாரிக்காரி ஒவ்வோர் அடியாக எடுத்துக்கொடுக்க, பெண்கள் சுற்றி நின்று அலறினார்கள். வியாழன்தோறும் குர்ஆன் ஓதக் கேட்கப் போகிற அத்தை தாமதமாகத்தான் வந்தார். எங்கிருந்து கூட்டிவந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளா? இவள் ஏன் இப்படி மாரில் அடித்துக்கொள்கிறாள்? அவருக்கு இவள் என்ன உறவு?

பக்கத்து வீட்டு பஹ்ரி என் காதோரம் குனிந்தாள். "கொஞ்சமாவது அழுடி. ஊரு வாய் சும்மா இருக்காது."

"நீ எதுக்குடி இவ்வளவு அழுற?"

அவள் அதிர்ந்து போனாள். பிறகு பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "மன்றத்துல சீட்டுக் குடுக்குறது என் நாத்தனார்தான். துர்சுன் எப்பவும் ரெண்டு சீட்டு வாங்குவாராம். அதுக்கு மேல என்னைக் கேக்காத."

நாற்பதாம் நாள் சோறு போட்டு முடித்த அடுத்த வியாழன், நீல உடுப்பின் மேல் அவருடைய கோட்டைப் போட்டு, அதன் பையில் அந்த இரண்டு கைக்குட்டையையும் வைத்துக்கொண்டு மன்றத்துக்குப் போனேன். துக்கம் காக்கிற பெண் சினிமாவுக்குப் போனாள் என்று தெரிந்தால் சாணியை வீசுவார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் வருவாள். பழகின கால் பழகின இடத்துக்கு வரும். யார் பக்கத்தில் ஓர் இருக்கை காலியாக இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

விளக்கு அணைந்த பிறகுதான் வந்தாள். வெள்ளை முக்காடு. சுவரோர இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொண்டாள். யாரோ அங்கே உட்காரப் போக, "ஆள் வருது" என்றாள்.

அது வீட்டில் நான் தினமும் கேட்ட குரல். ஓதக் கேட்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன குரல்.

எழுந்து போய் அந்தப் பையைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தேன். அத்தை திரும்பிப் பார்த்தார். பயந்ததாகத் தெரியவில்லை. முன்பல் இல்லாத வாய் மட்டும் ஒருமுறை திறந்து மூடியது.

"அன்னைக்கும் இப்படித்தான் எடம் புடிச்சு வச்சிருந்தேன்" என்றார். "சட்டை ஆத்துல போய் முடிஞ்சுது, அவன் வரல. சைக்கிள் பஞ்சர் போலன்னு நெனச்சேன்."

திரையில் அவள் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டாள். கொட்டகை முழுக்க மூக்கை உறிஞ்சுகிற சத்தம். எனக்குப் பின்னால் ஒரு கிழவர் யாருடைய பெயரையோ சொல்லி விசும்பினார். படத்தில் அப்படி ஒரு பெயரே கிடையாது. திரையில் இருந்தவள் ஓடினாள், விழுந்தாள், மறுபடி எழுந்து ஓடினாள். போதும் நிறுத்து என்று அவளிடம் சொல்ல அந்தக் கரையில் ஒருவரும் இல்லை. அன்று நான் சிரித்தபோது இதைக் கவனிக்கவில்லை.

"இங்க அழுதா படத்துக்குத்தானே அழுறோம்" என்று அத்தை திரையைப் பார்த்தபடியே சொன்னார். "றெக்க நனையாது."

"கடிச்சது யாரு?"

"அவன்தான். சத்தம் வெளிய வந்துடுமோன்னு. ஆம்பளையாச்சே."

"என்னை ஏன் கூட்டிட்டு வரல?"

"நீ அழ ஆரம்பிச்சா நிறுத்தமாட்டன்னு சொன்னான்."

அவர் அப்படிச் சொல்லியிருப்பாரா? இல்லை, தாயும் மகனும் அந்த இருட்டைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்களா? அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றுவரை எனக்கு அது தீரவில்லை. பாட்டு முடிவதற்குள் அத்தை என் பக்கம் வெறும் கையை நீட்டினார். நான் கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். இன்னொன்றை என் வாய்க்குக் கொண்டுபோனேன்.

அந்த மன்றம் இப்போது இல்லை. கைக்குட்டை இருக்கிறது. எத்தனையோ தரம் வெளுத்தும், இஸ்திரி போட்டும், அந்த மூலை மட்டும் படியவில்லை.