மூன்று பூட்டுக்கும் ஒரே சாவி

தமிழாசிரியர் கன்னையா ஓய்வுபெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகியும், சித்தூரில் அவர் திருத்த முயலாத ஆள் இல்லை. தமக்குச் சொந்தமான ஒன்றை மட்டும் அவர் திருத்தாமலே விட்டிருந்தார். அது எண்பத்திரண்டாம் ஆண்டுப் பத்மினி கார். அதன் பூட்டுகள் தேய்ந்து பெயரளவில்தான் பூட்டுகளாக இருந்தன. கதவுகள் எந்த வீட்டுப் பீரோச் சாவிக்கும் இணங்கின. டிக்கிக்குக் கரண்டிக் காம்பே போதும். ஓட்டும்போது சாவியை உருவி எடுத்தாலும் இஞ்சின் அதைப் பொருட்படுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கும். இத்தனை ஆண்டுகளாக அந்த வண்டியை எவரும் திருடாதது ஏழுமலையானின் காவல் என்று அவர் நம்பினார். வண்டியின் தோற்றமும் ஒரு காவல்தான் என்பதை அவரிடம் சொல்லும் துணிச்சல் மனைவி பிரமிளாவுக்கு மட்டுமே இருந்தது.

ஒருநாள் அவர் கத்தரிக்காய் வாங்கித் திரும்பியபோது, பின்னிருக்கையில் முன்பின் தெரியாத மூன்று பேர் வாடகை வண்டியென்று கூடையோடு அமர்ந்து, "காணிப்பாக்கத்துக்கு எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டார்கள். மறுவாரம் பூதலப்பட்டருகே சாவி போட்ட இடத்திலேயே சுழன்றது, வண்டி கிளம்பவில்லை. பிரமிளா இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றாள்.

"இன்னொரு வாட்டி இந்த வண்டியால நான் ரோட்ல நின்னா, மறுநாளே இத வித்துடணும். சரியா?" என்றாள்.

கன்னையா அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

மெக்கானிக் வேணு சென்னையிலிருந்து புதுப் பூட்டுகளை வரவழைத்தான். கதவு, டிக்கி, இக்னிஷன் மூன்றுக்கும் ஒரே சாவி. கதவின் உள்ளட்டையைக் கழற்றிப் பழைய பூட்டை எடுத்தபோது, அது அவன் கையிலேயே இரண்டாகப் பிரிந்தது.

"ரெண்டு சாவி கீது சார். ஒண்ண அம்மா கைல குட்துடுங்க. ரெண்டையும் நீங்களே வெச்சிக்கினு சுத்தாதீங்க."

பொறுப்பைப் பகிர்ந்தால் பொறுப்பே இல்லாமற் போகும் என்று கன்னையா அவனுக்கு அரைமணி நேரம் எடுத்துரைத்தார். வேணு அதற்குள் டிக்கிப் பூட்டைப் பொருத்தி முடித்தான்.

இதுவரை காத்த பெருமாளுக்குப் பழைய சாவியை உண்டியலில் செலுத்துவதாக வேண்டுதல். அதை மஞ்சள் துணியில் முடிந்து வேட்டியின் இடது மடியில் செருகினார். புதுச் சாவிகளும் சுவாமி முன் வைத்து எடுக்கவேண்டியவை அல்லவா? இரண்டையும் இன்னொரு மஞ்சள் துணியில் முடிந்து வலது மடியில் செருகினார். மலையேற்றத்தை அந்த வண்டி தாங்காது என்பதால், மலையடிவாரமான அலிபிரியில் அதைப் பூட்டிவிட்டு இருவரும் பேருந்தில் மேலே சென்றார்கள். தரிசனம் ஆயிற்று. உண்டியல் முன் பின்னாலிருந்தோர் நெருக்க, கன்னையா கண்களை மூடி, கைக்கு வந்த முடிப்பைப் போட்டார்.

கீழே வந்து வலது மடியைத் தடவினார். வெறுமை. இடது மடியைத் தடவ அவருக்குத் தோன்றவேயில்லை. அங்கிருந்ததுதான் பெருமாளிடம் போய்விட்டதே.

"ஜேப்படி," என்று அறிவித்தார். "புண்ணியத் தலத்திலேயே ஜேப்படி."

பிரமிளாவைக் காரருகே நிறுத்திவிட்டுக் காவல் சாவடிக்குப் போய், ஒன்றரைப் பக்கம் புகார் எழுதிக் கான்ஸ்டபிள் ஹரிபாபுவிடம் நீட்டினார்.

"தமிழ் பேசுவேன் சார், சதவடம் ராது, படிக்க வராது. நீங்களே படிச்சுடுங்க. அதுக்கு முன்ன இன்னொரு தபா நல்லா தேடிப் பாருங்க."

"நான் முப்பத்து மூன்று வருடம் ஆசிரியனாக இருந்தவன். தேடாமல் எழுதுவேனா?" என்று கன்னையா சீறி எழுந்து வேட்டியை இறுக்கினார். இடது மடியிலிருந்து மஞ்சள் முடிப்பு மேசைமேல் விழுந்தது. பிரித்தார். பல்லெல்லாம் தேய்ந்த பழைய சாவி.

ஹரிபாபு சாவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கன்னையாவுக்கு எல்லாம் விளங்கிற்று. ஜேப்படி என்றே இருந்துவிட்டால் வண்டி தப்பும். உண்மையைச் சொன்னால் சத்தியப்படி விற்கவேண்டும். பொய் சொன்ன பிள்ளைகளை முழங்காலிட வைத்த மனிதர், பொய்யின் வசதியை அன்றுதான் முதன்முதலாக அருகிருந்து பார்த்தார். அது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. சிறிது நேரம் அதோடு உட்கார்ந்துவிட்டு, புகாரையும் எடுத்துக்கொண்டு எழுந்து போய்ப் பிரமிளாவிடம் உள்ளதைச் சொன்னார். ஹரிபாபுவும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தார்.

"ரெண்டு சாவியுமா?"

"இரண்டும்."

"வண்டி நல்லாதான கீது?"

"வண்டிக்கு ஒன்றுமில்லை. பூட்டும் பிரமாதம். அதனால்தான் திறக்க முடியவில்லை."

பிரமிளா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப என்ன ரோட்ல நிக்க வெச்சது வண்டி இல்ல, நீங்க. வண்டிய எதுக்கு விக்கிறது? உங்கள விக்கலாம்னா எவன் வாங்குவான்?"

"எவரூ கொனரு அம்மா, யாரும் வாங்க மாட்டாங்க," என்று ஹரிபாபு கனிவோடு ஆமோதித்தார்.

அவரே ஒரு சாவிக்காரரை அழைத்துவந்தார். அந்த ஆள் கண்ணாடி இடுக்கில் ஒரு கம்பியை விட்டு, கன்னையா பூட்டின் பெருமையை விவரித்து முடிப்பதற்குள் கதவைத் திறந்தார். உள்ளே குனிந்து இரண்டு ஒயர்களை இணைத்தார். பத்மினி உறுமியது.

அணைத்தால் மறுபடி கிளம்பாது என்பதால், பாகாலையில் டீக்குக்கூட நிறுத்தாமல் கன்னையா ஓட்டினார். பக்கத்தில் பிரமிளா, ஜேப்படிக்காரனைத் திட்டி அவர் எழுதியிருந்த புகாரைப் பிரித்து உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள்.

"'இத்தகைய மூடனைப் பெற்றோர், இவனை எவ்வாறு வளர்த்தனரோ?'"

தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "பாவம் எங்க மாமா," என்றாள். "அவரால முடிஞ்ச வரைக்கும் வளத்தாரு."