நக வேலையில் இருபது வருட அனுபவம்

கரிச்சட்டியில் நெருப்பு ஏறவேயில்லை. சோமலதா ஓலை விசிறியால் விசிறி விசிறிக் கை ஓய்ந்துபோனாள். எட்டு மணிக்குக் கைவினை விழா நடுவர்கள் வருவார்கள் என்றார்கள். ஒன்பதரை ஆகியும் ஒரு குஞ்சைக் காணோம். கண்டி வாவிப் பக்கமிருந்து வந்த ஈரக் காற்று கூடாரத்துக்குள் புகுந்து புகையை அவள் முகத்துக்கே திருப்பியது.

"இந்தக் கரிய வித்தவன் நாசமாப் போக. தண்ணியில ஊறப்போட்டுத்தான் குடுத்திருக்கான்."

"விசிறுங்க அக்கே, விசிறுங்க. இன்னும் ரெண்டு மணி நேரமாகும்" என்றான் அடுத்த மேசை திலகசிறி.

இருவரும் மாத்தளைப் பக்கம் ஒரே ஊர். திலகசிறிக்குக் கடைசல் மெஷின். சுழலுகிற கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்தினால் கால் மணி நேரத்தில் ஒரு கிண்ணம் பளபளக்கும். சோமலதாவுடையது வேறு. அரக்கை அனலில் இளக்கி, நூலாக இழுத்து, கைத்தடியின் மேல் படியவைத்து, வலது கட்டைவிரல் நகத்தால் நறுக்கி நறுக்கிக் கோலம் இடவேண்டும். ஒரு தடிக்கு ஒன்பது நாள். ஊரில் அதற்கு நக வேலை என்றுதான் பெயர்.

மாத்தளைக் கைப்பணிப் பள்ளியில் பதினோரு வருடமாக நாட்கூலிக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரே ஒரு நிரந்தர வேலை காலியாகியிருந்தது. இந்த விழாவில் முதலாம் பரிசு எடுத்தவருக்குத்தான் அது என்று திடீரென்று ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள்.

திலகசிறி விழா மலரைப் பிரித்தான். "நடுவர்கள் பின்னணின்னு ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருக்கான், கேளுங்க. ஒண்ணாவது ஆளு ஹோட்டல் முதலாளி. நாய்க் கண்காட்சியில மூணு தடவ நடுவராம்."

"நம்மளக் குரைக்கச் சொல்லுவாரோ?"

"ரெண்டாவது, ஓய்வுபெற்ற மணல் அனுமதி அதிகாரி. வீட்டுல ஓர்க்கிட் வளக்கிறாராம்."

"வளக்கட்டும். நல்லா வளக்கட்டும்."

"மூணாவது, ஹர்ஷனி நோனா. நக வேலையில் இருபது வருட அனுபவம்."

சோமலதா விசிறியைப் போட்டுவிட்டு மலரைப் பிடுங்கினாள். அப்படித்தான் அச்சடித்திருந்தது. போன வருடம் முதலாம் பரிசு கிரிக்கெட் மட்டையில் செய்த கடிகாரத்துக்குப் போனபோது, ஊர் அரக்குத் தொழிலாளர் சங்கத்தின் பேரில் அவள்தான் விழாக் குழுவுக்குக் கடிதம் எழுதினாள்: நக வேலை தெரிந்த நடுவர் ஒருவரையாவது போடுங்கள். அப்பாடா, ஒரு கடிதத்தையாவது வாசித்திருக்கிறார்கள்!

"எந்த ஊரு அம்மா இவங்க? நக வேலைன்னா நம்ம ஊர்ல எட்டு வீடுதான். எனக்குத் தெரியாத நகமா?" என்றான் திலகசிறி.

"கொழும்புல எங்கயாவது பழகியிருப்பாங்க. உனக்கேன்டா வயித்தெரிச்சல்?"

பத்தரைக்கு வந்தார்கள். ஹோட்டல் முதலாளி கைத்தடியைத் தட்டிப் பார்த்து, "என்ன பெயின்ட்?" என்று கேட்டார். பெயின்ட் இல்லை, அரக்கு என்றாள். "அதான், என்ன கம்பனி?" என்றார். மணல் அதிகாரி பூச்சாடி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் நடந்தார்.

ஹர்ஷனி நோனா நின்றாள். பின்னால் படம் பிடிக்கிறவர்.

"அய்யோ அம்மே, என்னா இது நங்கி! நகத்த இப்படியா வச்சிருக்கிறது?"

நாலு மாதம் வளர்த்த நகம். சாய்வாகத் தேய்த்து, அரக்குச் சூட்டில் மஞ்சளேறிக் கெட்டிப்பட்டது. அது முறியக்கூடாது என்று சோமலதா தேங்காய் துருவுவதில்லை. துணி பிழிவதுகூடப் புருஷன்தான்.

"இதாலதானே நோனா எங்க வேல. நோனாவுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியாததா! இருபது வருஷமா இதே வேலதானே. குடுங்க பாப்பம்."

ஊரில் ஒரு வேலைக்காரி இன்னொருத்தியைச் சந்தித்தால் முதலில் நகத்தின் விளிம்பைத் தடவித்தான் கூர் பார்ப்பாள். அந்த மரியாதை என்று நினைத்தாள் சோமலதா. கையைச் சேலையில் துடைத்து, கட்டைவிரலை உயர்த்தி, சந்தோஷமாக நோனாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

கைப்பையிலிருந்து ஏதோ மின்னியது. டிக்.

"ஐயோ நோனா!"

"பயப்படாதீங்க, வலிக்காது." நகத்துண்டு கரிச்சட்டியில் விழுந்து பொசுங்கி நாறியது. நோனா மிச்சத்தை அரத்தால் தேய்த்து, ரோஸ் நிறத்தில் ஒரு பூச்சும் பூசினாள். "இப்பப் பாருங்க, என்ன லட்சணம்! கல்யாணப் பொண்ணுங்களுக்கே நான் இவ்வளவு சுத்தமாச் செய்யுறதில்ல. சும்மாதான், காசு வேணாம்."

படம் பிடிக்கிறவர் சிரிக்கச் சொன்னார்.

சோமலதா அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே ஒருங்கிணைப்பாளர் வீரக்கோனின் மேசைக்கு ஓடினாள். அவர் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சேர், அந்த நோனா அழகு நிலையக்காரியாமே! பொம்பளைங்களுக்கு நகம் வெட்டிச் சாயம் பூசுறவளக் கொண்டாந்து நடுவரா வச்சிருக்கீங்களே!"

"நக வேல தெரிஞ்ச ஆளக் கேட்டது யாரு? கையெழுத்து உங்களோடது. கண்டியிலேயே பெரிய ஆளாப் பாத்துப் பிடிச்சோம்."

"இது அந்த நகமில்ல சேர்! ரெண்டு மணிக்குச் செஞ்சு காட்டணும், நான் எதால வெட்டுறது?"

"நகம்தானே? வளராதா?"

"வளரும். நாலு மாசம்."

"அப்ப பிறகென்ன?" அவர் கருவாட்டைப் பிய்த்தார்.

"ஒரு பிளேடாவது பாவிக்க விடுங்க."

"நக வேலைன்னு பதிஞ்சிட்டு பிளேடா? அது விதிமீறல்."

இரண்டு மணிக்கு மூன்று நடுவர்களும் எதிரே உட்கார்ந்தார்கள். கரி அப்போதுதான் நன்றாகப் பிடித்திருந்தது. சோமலதா அரக்கை இழுத்தாள். நூல் முடி போல இறங்கியது, ஒரு பிசிறில்லை. அதைத் தடியில் படியவைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். அறுபடவில்லை. சதைதான் பட்டது, பட்ட இடம் நசுங்கிப் பரவியது. மற்ற விரல் நகங்களை, நூல் சிக்கும் என்று, ஒட்ட வெட்டி வைத்திருந்தாள். மறுபடி அழுத்தினாள். ரோஸ் பூச்சு இளகி அரக்கோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் பல்லால் கடித்தாள், உதடு சுட்டது.

ஹோட்டல் முதலாளி மற்றவரிடம் குனிந்து, "சுத்தம் பத்தாது" என்றார்.

முதலாம் பரிசு திலகசிறியின் கிண்ணத்துக்கு. மேடையில் அவன் சான்றிதழை வாங்கின விதத்தைப் பார்த்தால் சம்மன் வாங்குகிறவன் மாதிரி இருந்தது. பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்காராமல் மாத்தளை வரை நின்றுகொண்டே வந்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் பள்ளியிலிருந்து வந்தான். இப்போது அவன் நிரந்தர ஆள். கையில் புத்தாண்டுக் கைவினை விழாவின் மலர்.

"அக்கே, இதக் காட்டுறதா வேணாமான்னு..."

"காட்டித் தொல. இனி என்ன இருக்கு?"

அவள் நகம் பாதிதான் வளர்ந்திருந்தது. நடுவர்கள் பின்னணிப் பக்கத்தில் ஹர்ஷனி நோனாவின் பேருக்குக் கீழே ஒரு வரி கூடியிருந்தது: கிராமியக் கைவினைப் பெண்களின் நகங்களைச் சீர்படுத்திய சேவைக்காகப் பாராட்டுப் பெற்றவர். பக்கத்தில் ஒரு படம், நோனாவின் உள்ளங்கையில் ரோஸ் பூசின கட்டைவிரல் ஒன்று. சோமலதா தன் விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். விரல் யாருடையது என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை.