மேப் டீச்சரின் பக்கம்

பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பேர் ஆசிட் டீச்சர். வேதியியல் பாடம் ஒரு காரணம், வாய் இன்னொரு காரணம். பத்தொன்பது வருட வேலையில் யாரையும் ஏறிட்டுப் பார்த்துப் பொருமியதில்லை அவள். அதெல்லாம் ஒரு திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டத்தோடு போயிற்று.

தலைமையாசிரியை திரையில் ஓர் இணையப் பக்கத்தைக் காட்டினார். "எல்லாரும் ஆளுக்கொரு டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ பண்ணணும். வகுப்புல என்ன பண்றோம், எப்படிப் பண்றோம்னு ஒரே இடத்துல தெரியணும். துணைத் தலைமை பதவிக்கும் அதைப் பாத்துத்தான் ஆள் எடுப்போம். தெரியாதவங்க இதைப் பாத்துக் கத்துக்கங்க."

அது மேப் டீச்சருடைய பக்கம். புவியியல் எடுப்பவள், வந்து நாலே வருடம். அறையே "ஆகா" என்றது. ஆசிட் டீச்சர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். இவள் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பெண் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்திருப்பாள்!

அன்றிலிருந்து பேருந்தில், சமையலறையில், விடைத்தாள் கட்டுக்கு நடுவில் என்று அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதே வேலையாயிற்று. எழுத்துப்பிழை தேடினாள். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

"இருநூறு பேர் பாத்திருக்காங்கன்னு போட்டிருக்கு," என்றாள் கணவனிடம்.

"அதுல நூத்தைம்பது நீதான்," என்றான் அவன், காய் நறுக்குவதை நிறுத்தாமல்.

தன் பக்கத்தைச் செய்ய உட்கார்ந்தாள். சான்றிதழ்கள் நாற்பத்து மூன்று, கேடயம் வாங்கும் படங்கள் பதினொன்று. ஒன்று விடாமல் ஏற்றிவிட்டு, மடிக்கணினியைக் கணவன் பக்கம் திருப்பினாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தான்.

"கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கு. எல்லாத்துலயும் நீதான் நிக்கிறே. பிள்ளைங்க எங்க?"

சுருக்கென்றது. மறுபடியும் மேப் டீச்சரின் பக்கத்துக்கே போனாள். இந்த முறை குறை தேடவில்லை. எப்படிச் செய்திருக்கிறாள் என்று பார்த்தாள். அங்கே ஒரு மாணவி வரைந்த தப்பான வரைபடம் இருந்தது, ஆறு மலையேறி ஓடியது. பக்கத்தில் மேப் டீச்சரின் குறிப்பு: சம உயரக் கோடுகளை நான் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனதால் வந்த பிழை இது. அதன் கீழே மறுபடி நடத்திய பாடமும், அதே மாணவியின் இரண்டாவது வரைபடமும்.

தன் தப்பைத் தானே ஊரறியப் போடுவாளா ஒருத்தி? போட்டிருக்கிறாளே, அதற்கும் கைதட்டல் வாங்கியிருக்கிறாளே! இருந்தாலும் அந்தப் பக்கத்தின் தலைப்புகளை வரி மாறாமல் தன் பக்கத்தில் இறக்கினாள். பிள்ளைகளின் பிழை ஒன்று வேண்டுமே என்று போன மாதச் செய்முறைத் தேர்வு நோட்டுகளைப் பரப்பினாள்.

முப்பத்தெட்டு நோட்டு. முப்பத்தொன்றில் ஒரே மாதிரித் தப்பு. நிறங்காட்டி கலந்த அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிர் ரோஜா நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும். முப்பத்தொரு பேரும் அடர் ரோஜா வரும்வரை விட்டிருந்தார்கள். அன்று "கவனம் எங்க மேயுது?" என்று வகுப்பையே கிழித்தெடுத்தவள் அவள்.

ஆனால் முப்பத்தொரு பேருக்கும் ஒரே நேரத்தில் கவனம் சிதறுமா? யோசித்தவளுக்கு முகம் சூடாயிற்று. செய்து காட்டும்போது, கடைசி பெஞ்சுக்கும் நிறம் தெரியட்டும் என்று இரண்டு சொட்டு கூடுதலாக விடுவது அவள் வழக்கம். பிள்ளைகள் அவள் காட்டியதைத்தான் செய்திருக்கிறார்கள்.

சான்றிதழ்களை மறைத்துவிட்டு அதை எழுதினாள். மறுநாள் பிள்ளைகளை மேசையைச் சுற்றி நிற்கவைத்து மறுபடி செய்து காட்டினாள். அதையும் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில் மேப் டீச்சர் வந்து நின்றாள். "அக்கா, உங்க பக்கம் பாத்தேன். தலைப்பெல்லாம்..."

"உன்னோடதுதான், அதுக்கென்ன இப்ப?"

"தப்பில்லக்கா. நானே வேறொரு டீச்சரைப் பாத்துத்தான் பண்ணேன். அவங்க பேரைக் கடைசியில போட்டிருக்கேன், பாக்கலையா?"

நூற்றைம்பது தடவை பார்த்தவள் அவ்வளவு கீழே போனதே இல்லை. அன்று மாலை தன் பக்கத்தின் அடியில், இருப்பதிலேயே சின்ன எழுத்தில், மேப் டீச்சரின் பேரை அடித்தாள். நாலு எழுத்து அடிக்க நாலு நிமிடம் ஆயிற்று.

பதவி மேப் டீச்சருக்கே போனது. ஆசிட் டீச்சர் கைகுலுக்கினாள், சிரித்தாள், கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் ஆய்வகத்தில் எடுத்த காணொளி பக்கத்தில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. அந்த வேலை தெரிந்தவள் அந்தக் கட்டடத்தில் ஒருத்திதான். வேறு வழியில்லாமல் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதை எப்படிப் போடறது?"

மேப் டீச்சர் மௌஸை வாங்கவில்லை. "நீங்களே பண்ணுங்கக்கா, நான் சொல்றேன்," என்றாள். பத்தே நிமிடத்தில் காணொளி ஏறிவிட்டது.

எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாள்! அதையும்தான் ஆசிட் டீச்சரால் பொறுக்க முடியவில்லை.