வியாழக்கிழமை ஐந்தாவது பீரியட்

சின்னராஜ் சார் ஏற்காட்டில் ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியராகி ஐந்து வருடம் ஆகிறது. இந்த ஐந்து வருடத்தில் அங்கே ஒருவரிடம்கூட அவர் "முடியாது" என்று சொன்னதில்லை. ஆறடி உயரம், உரமேறிய உடம்பு. மைதானத்தில் ஓர் அதட்டல் போட்டால் அந்தக் கோடியில் நிற்கிற பயல் இந்தக் கோடிக்கு ஓடி வருவான். ஆனால் யாராவது ஒரு டீச்சர் பக்கத்தில் வந்து "ஏனுங்க சார்…" என்று இழுத்தால் போதும், மனிதர் வெண்ணெயாக உருகிவிடுவார்.

இதை முதலில் கண்டுபிடித்தது கணக்குத் துறை. நியாயமாகப் பார்த்தால் கண்டுபிடிப்பெல்லாம் அறிவியல் துறையின் வேலை. என்ன செய்வது, சரஸ்வதி டீச்சர் முந்திக்கொண்டார். "ஏனுங்க சார், போர்ஷன் முடியவே மாட்டேங்குது. உங்க பீரியட் ஒண்ணே ஒண்ணு குடுங்க" என்று ஒரு நாள் கேட்டார். கிடைத்தது. மறுவாரம் அறிவியல் வெங்கடாசலம் சார் கேட்டார், அவருக்கும் கிடைத்தது. தமிழ் அமுதவல்லி டீச்சர் மட்டும் சும்மா இருப்பாரா? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி!

ஆசிரியர் அறையில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு மேஜை உண்டு. உடற்கல்வித் துறை என்றால் சின்னராஜ் ஒருவர்தான் என்பதால், ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அதிலும் பெரும்பாலும் தமிழ்த் துறையின் கட்டுரை நோட்டுகள்தான் உட்கார்ந்திருக்கும். துறைத்தலைவர் நின்றுகொண்டே டீ குடிப்பார்.

அதற்காக அவர் வேலை செய்யாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். செம்மநத்தத்திலிருந்து வரும் முதல் பஸ் ஏழரைக்கே பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போய்விடும். பள்ளி மணி அடிப்பது ஒன்பதுக்கு. அதே பஸ்ஸில் வருகிற சின்னராஜ் அந்த ஒன்றரை மணி நேரமும் அவர்களுக்குக் கோ-கோ சொல்லிக்கொடுப்பார். மஞ்சக்குட்டை ஜீப்பில் வருகிற பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொள்வார்கள். பனியில் நனைந்த புல்லில் விழுந்து புரண்டு ஆடுவார்கள். ஆனால் இது எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஆட்டம்.

பதிவேடுதான் வம்பை இழுத்து வந்தது. ஜூன் மாதம் புதிதாக வந்த தாளாளர் ஃபாதர் எதையும் படிக்காமல் விடமாட்டார். நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியை சிஸ்டர் மரியபுஷ்பம் சின்னராஜைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சார், பத்தாம் வகுப்பு ஆ பிரிவுல ஜூன்ல இருந்து நாப்பது பி.டி. பீரியட் வந்திருக்கு. அதுல உங்க கையெழுத்து மூணே மூணு. மிச்சமெல்லாம் கணக்கு, சயின்ஸ், தமிழ். மூணு பீரியடுக்கு எதுக்கு முழுநேர வாத்தியார்னு ஃபாதர் கேக்கறாரு. ஜனவரியிலிருந்து வாரத்துக்கு ரெண்டு நாள் வந்தாப் போதும்ங்கறாரு."

சின்னராஜ் மனதுக்குள் கணக்குப் போட்டார். வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் மிச்ச நாளுக்குச் சேலத்தில் வேறு பள்ளி தேட வேண்டும். காலையில் பிள்ளைகளை யார் பார்ப்பது?

"நான் உங்களுக்காகப் பேசியிருக்கேன்" என்றார் சிஸ்டர். "வியாழக்கிழமை அஞ்சாவது பீரியட் அவரே கிரவுண்டுக்கு வந்து பாக்கறாரு. சார், கேட்டுக்குங்க. அந்த ஒரு பீரியடை மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க."

"சரிங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவருக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. ஏனென்றால் அந்த வியாழக்கிழமை ஐந்தாவது பீரியடை அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். ஒருவருக்கு அல்ல, மூன்று பேருக்கு! திங்கட்கிழமை காலையில் சரஸ்வதி டீச்சருக்கு, மதியம் வெங்கடாசலம் சாருக்கு, சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அமுதவல்லி டீச்சருக்கு. மூன்று பேரும் ஒன்றுபோல, "மத்த டிபார்ட்மெண்டுக்குத் தெரிய வேண்டாமுங்க சார்" என்று வேறு சொல்லியிருந்தார்கள். அவரும் சத்தியம் மாதிரி அதைக் காப்பாற்றியிருந்தார்.

புதன்கிழமை முழுவதும் திரும்பக் கேட்டுப் பார்த்தார். "டீச்சர், நாளைக்கு அந்தப் பீரியட்…" என்று சரஸ்வதி டீச்சரிடம் ஆரம்பித்தார். "மறப்பேனுங்களா சார்? கொஸ்டின் பேப்பரே ரெடி. உங்களை மாதிரி தங்கமான மனுசன் இந்த ஸ்கூல்ல வேற யாரு இருக்கா?" என்றார் அவர். தங்கமான மனிதர் வரைபடத்தாள் கட்டை வகுப்புக்குக் கொண்டுவந்து தருவதாக ஒப்புக்கொண்டு திரும்பினார். வெங்கடாசலம் சாரிடம் போனவர் லேபிலிருந்து மின்சுற்றுப் பலகையைத் தூக்கி வரும் வேலையையும் வாங்கிக்கொண்டு வந்தார். அமுதவல்லி டீச்சர், "தமிழ்ப் பற்றுன்னா உங்களுக்குத்தானுங்க சார்" என்றார். அதற்குமேல் என்ன பேச முடியும்?

சாயங்காலம் வீட்டில் மனைவி ராணியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானுங்களே" என்றாள் ராணி.

"வர மாட்டேங்குது புள்ள."

"அது எப்படி வராமப் போகும்? கடைக்குப் போயிட்டு வாங்கன்னா முடியாது. ஊட்டுக்கு ஒட்டடை அடிங்கன்னா முடியாது. எங்கிட்ட மட்டும் ஒரு நாளைக்குப் பத்து தடவை நொம்ப நல்லாத்தான் வருது!"

சின்னராஜ் களியைப் பிசைந்தார்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து மணி அடித்தது. ஒரு கையில் வரைபடத்தாள், இன்னொரு கையில் மின்சுற்றுப் பலகையோடு அவர் வகுப்புக்கு வந்தபோது, வாசலில் மூன்று துறைகளும் நின்றிருந்தன.

"சார் எனக்குத்தான் குடுத்தாரு" என்றார் சரஸ்வதி டீச்சர்.

"போன வாரமும் கணக்குதானே எடுத்துச்சு? சயின்ஸ்ல பாதிப் பிள்ளைக ஃபெயிலு டீச்சர்!"

"நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எடுத்துக்கிட்டா, தமிழை யாருங்க பாக்கறது? தாய்மொழியில ஃபெயிலானா வெக்கமில்லீங்களா?"

உள்ளே பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கடைசி பெஞ்சுக்காரர்கள் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஃபாதர் குடியிருக்கும் பங்குவீட்டிலிருந்து வரும் சரிவில் அவருடைய வெள்ளை அங்கி தெரிந்தது. பக்கத்தில் சிஸ்டர்.  வேலை போச்சு என்றே நினைத்தார் சின்னராஜ்.

அப்போது முதல் பெஞ்சிலிருந்து புவனா எழுந்தாள். காலை ஆட்டத்தில் அவள்தான் கேப்டன். முகத்தில் கேலியும் இல்லை, வருத்தமும் இல்லை.

"சார், கணக்கு நோட்டு எடுக்கறதுங்களா, சயின்ஸ் நோட்டா, தமிழ் நோட்டா?"

விளையாட்டா என்று அவள் கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றவும் இல்லை அந்தப் பிள்ளைக்கு. சின்னராஜுக்குச் சுருக்கென்று தைத்தது. தன்மேலேயே வந்த கோபத்தில் காது சிவந்துவிட்டது. கையில் இருந்ததையெல்லாம் மேஜைமேல் வைத்தார்.

"எந்த நோட்டும் வேண்டாம் கண்ணு. எல்லாரும் கிரவுண்டுக்குப் போங்க."

வகுப்பு ஒரு கணம் திகைத்தது. பிறகு எழுந்த கூச்சலில் கூரை ஓடு ஒன்று நகர்ந்திருந்தால்கூட ஆச்சரியமில்லை.

"ஏனுங்க சார்!" என்றார் சரஸ்வதி டீச்சர்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். மூணு பேருக்கும் சரின்னு சொன்னது என் தப்பு. இது என் பீரியடுங்க. குடுக்க முடியாதுங்க."

சொல்லிவிட்டார்! வானம் இடிந்து விழவில்லை. சரஸ்வதி டீச்சர் திறந்த வாயை மூடத்தான் கொஞ்ச நேரமானது.

மைதானத்தில் காலை ஆட்டக்காரர் ஒன்பது பேரில் எட்டுப் பேர் எதிரும் புதிருமாக வரிசையில் உட்கார, புவனா விரட்டினாள். "கோ! கோ!" என்று முதுகுக்கு முதுகு குரல் தாவியது. ஒரு தவறு இல்லை, ஒரு தள்ளுமுள்ளு இல்லை. ஃபாதர் மேல்படியில் நின்று பார்த்தார். பார்த்தவர் உட்கார்ந்தார். பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வந்து கோ-கோ கம்பத்தை மறைக்கிற நேரத்திலும் எழுந்திருக்கவில்லை. மற்ற இரண்டு துறைகளோடு கோபித்துக்கொண்டு வந்து நின்ற சரஸ்வதி டீச்சரோ, "இந்தப் பக்கம் புடி புவனா, இந்தப் பக்கம்!" என்று தன்னை மறந்து கத்திக்கொண்டிருந்தார்.

மணி அடித்ததும் ஃபாதர் இறங்கி வந்தார். "மூணு பீரியட்ல இப்படி ஆட வராது சார். எப்பச் சொல்லிக்குடுக்கறீங்க?"

"முதல் பஸ்ஸுக்கு வர்ற பிள்ளைகளோட தினமும் காலையில ஆடுவோமுங்க ஃபாதர்."

ஃபாதர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் சிரித்தார். "ரெண்டு நாள் கதையெல்லாம் வேண்டாம். வாரம் முழுசும் வாங்க சார்" என்றார் ஃபாதர். சின்னராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிடக் கையைத் தூக்கினார்.

அந்தக் கையை ஃபாதர் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு சின்ன உதவி சார். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஒத்திகை பாக்கணும். இந்த கிளாஸுக்குத் திங்கக்கிழமை உங்க பீரியட் இருக்குல்ல…"

 மூன்று துறைகளும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தன. சின்னராஜ் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"முடியாதுங்க ஃபாதர்."

ஃபாதர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி, அப்ப கணக்கு பீரியடைக் கேட்டுப் பாக்கறேன்" என்று திரும்பினார்.

சரஸ்வதி டீச்சர் அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தார்.