சிறுமுனைத் தீவுக்கு ஒரு கரப்பந்து அணி

சீமோன் ஆட்டிறைச்சி ரோல்ஸை ரசித்துக் கடித்துக்கொண்டிருந்தபோது, மனைவி றோசலின் நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்குள் வந்தாள். காலைப் பூசைக்குப் போய் வந்திருந்தாள். ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் பெப்ரவரிக் குளிர்; சப்பாத்தில் பனி உருகத் தூவிய தெரு உப்பு ஒட்டியிருந்தது.

"இண்டைக்கு விபூதிப் புதன், தவக்காலம் துவங்குது. நீங்கள் இறைச்சி ரோல்ஸ் சாப்பிடுறியள். நல்ல கத்தோலிக்கன்தான்," என்றாள்.

சீமோனின் வாய் அசையாமல் நின்றது. ரோல்ஸுக்காக அல்ல, அதற்கெல்லாம் அசருகிற ஆள் அவரில்லை.

"இஞ்சேரும், இந்த முறை ஈஸ்ரர் எப்ப?"

"ஏப்ரல் நாலு. ஏன்?"

"அப்ப மார்ச் பதினைஞ்சு?"

"தவக்காலத்தின்ர நட்ட நடுவிலை."

சீமோன் ரோல்ஸைத் தட்டில் வைத்தார். மேசையில் பன்னிரண்டு பிள்ளைகளின் பாஸ்போர்ட் நகல்களும், புதிதாக வாங்கிய கரப்பந்து வலையும் கிடந்தன. யாழ்ப்பாணத்துச் சிறுமுனைத் தீவில் நடக்கவிருந்த கரப்பந்துப் போட்டியின் தேதியைக் குறித்தது வேறு யாருமல்ல, அவரேதான். பள்ளிக்கூடக் காலண்டரைப் பார்த்து, மார்ச் விடுமுறை வசதியென்று கண்டு குறித்தார். கோயில் காலண்டரைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு விட்டுப்போய்ப் பல வருடமாகிறது.

ஈஸ்ரருக்கு முந்திய அந்த நாற்பது நாள் தவக்காலத்தில் சிறுமுனைத் தீவில் கலியாணம் வைக்கமாட்டார்கள். பாட்டுப் போடமாட்டார்கள். ஒலிபெருக்கி கட்டி விளையாட்டுப் போட்டி நடத்துவதை நினைத்தும் பார்க்கமாட்டார்கள். அந்தத் தீவில் பிறந்து வளர்ந்த மனிதர் இதை மறப்பதென்றால், அதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

போன மே மாதம் போர் முடிந்தது. அதற்கு முந்திய கிழமைகளில் போரை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோத் தெருக்களில் கொட்டும் மழையில் நின்றவர்களில் சீமோனும் ஒருவர். எல்லாம் முடிந்த பிறகு ஒரு மாதம் வீட்டில் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. செப்ரெம்பரில் ஒருநாள் தீவிலிருந்து தொலைபேசியில் கஸ்பரின் குரல் கேட்டது. இருபத்துநான்கு வருடங்களுக்கு முன் சீமோனைத் தன் வள்ளத்தில் ஏற்றி, கடற்படையிடம் பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும், அக்கரையில் இறக்கிவிட்டவர் கஸ்பர். ஒரு வார்த்தை நன்றி கேட்காமல் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அந்த முதுகை சீமோன் இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கஸ்பருக்கு இப்போது வள்ளம் இல்லை. தீவில் முந்நூறு பேர்தான் மிச்சம். கிழமைக்கு இரண்டு தரம் ஒரு லோஞ்ச் படகு வந்து போகிறது. ஆட்கள் வந்து போனால்தான் தினமும் லோஞ்ச் விடலாமென்று அரசாங்கக் கந்தோரில் சொல்லிவிட்டார்களாம். ஆட்களுக்கு எங்கே போவது? சீமோனின் மூளை அங்கேதான் வேலை செய்தது. ரொறன்ரோத் தமிழர் போட்டி என்றால் லண்டனுக்கும் பறப்பார்கள், பாரிஸுக்கும் பறப்பார்கள். தீவுக்கு ஏன் பறக்கக்கூடாது? முதலில் மகள் ஸ்டெபனியின் அணி போகட்டும். அது நல்லபடி நடந்தால் அடுத்த வருடம் மற்ற அணிகளும் வரும்.

சொல்லச் சுகமாகத்தான் இருந்தது. தீவில் தங்க ஒரு அறை இல்லை. மைதானம் போன வருடம் வரை இராணுவ முகாமாக இருந்தது. கண்ணிவெடி பார்த்தாயிற்றா என்று பெற்றோர் கேட்டார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் வடக்கே போவதற்குக் கொழும்பில் அனுமதி எடுக்கவேண்டும்; அதற்கு மூன்று தரம் படிவம் நிரப்பினார். போத்தல் தண்ணீர் கிடைக்குமா, கழிவறை எப்படி என்று கேட்டுக் கேட்டே ஒரு தாய் அவரைக் களைக்கப் பண்ணினாள். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சமாளித்து, விமானச் சீட்டும் எடுத்தாயிற்று. இப்போது கவிழ்த்தது அவருடைய சொந்தக் கை.

முதல் பாடம் இல்லாததால் ஸ்டெபனி அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். தகப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

"வட் ஹப்பண்ட்? மேட்ச் கான்சலா?"

"அப்பா தவக்காலத்திலை போட்டி வைச்சிட்டார்," என்றாள் றோசலின். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

சீமோன் சிரிக்கவில்லை. கஸ்பருக்கு அவர் கொடுத்த வாக்கு அது. வாழ்நாளில் அந்த மனிதருக்குச் செய்யக் கிடைத்த ஒரே காரியம். இனி எந்த முகத்தோடு அவரோடு கதைப்பது? ஆனாலும் கதைத்துத்தான் ஆகவேண்டும். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். தொலைபேசியை எடுத்தார்.

"கஸ்பரண்ணை, நான் ஒரு பெரிய பிழை விட்டிட்டன்."

"என்னடா தம்பி, ஆருக்கும் சுகமில்லையோ?"

"இல்லையண்ணை. போட்டித் திகதி. அது தவக்காலம் எண்டதை நான் பாக்கேல்லை."

மறுமுனையில் கஸ்பர் சிரித்தார்.

"உதுக்கோ? உது எங்களுக்கு நவம்பரிலையே தெரியும்."

"அப்ப ஏனண்ணை சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? இருபது வருசமாப் போற சனத்தைத்தான் பாத்தனாங்கள். வாறன் எண்டு சொன்ன முதல் ஆள் நீ. நாள் பிழை எண்டு சொல்லப்போய், நீ வராமல் விட்டிட்டால்?"

கஸ்பர் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனார்.

"பங்குச் சுவாமியிட்டைப் போய்க் கேட்டம். ரெண்டு தரம் ஏலாது எண்டிட்டார். மூண்டாந் தரம் எங்கட கரப்பந்துப் பெட்டையளே போய் நிண்டவை. எங்களோடை விளையாட வெளியிலையிருந்து ஒருத்தரும் வந்ததில்லை சுவாமி எண்டு சொல்லிச்சினம். அவர் காலண்டரைப் பிரட்டிப் பாத்தார். பத்தொன்பதாந் திகதி சூசையப்பர் திருநாள். தவக்காலமெண்டாலும் அண்டைக்குக் கொண்டாடலாமாம். காலமை பூசை, பிறகு போட்டி. வெள்ளிக்கிழமையெண்டாலும் ஆட்டுக்கறி உண்டு. மற்ற நாளெல்லாம் எங்களோடை தவக்காலந்தான், பிள்ளையளுக்குச் சொல்லிப்போடு."

"படுக்கிறதுக்கு யாழ்ப்பாணத்திலை ரூம் பாத்திருக்கிறன் அண்ணை. ஒவ்வொரு நாளும் கூட்டிக்கொண்டு வந்து…"

"அதை விடு. பன்னிரண்டு வீட்டுக்குப் பன்னிரண்டு பிள்ளையள் எண்டு பிரிச்சாச்சு. அதுக்கும் இஞ்சை சண்டை. உன்ர மகள் எங்கட வீட்டிலை."

"அண்ணை…" என்றார் சீமோன்.

"அழாதை. நீ வந்து சேர், அது போதும்," என்று கஸ்பர் தொலைபேசியை வைத்தார்.

சீமோன் கண்ணைத் துடைத்தபடி நின்றார். தீவுக்கு நல்லது செய்யப் போகிறேன் என்றல்லவா இத்தனை மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்! அங்கே அவர்கள் நவம்பரிலிருந்து அவருடைய பிழையைத் தங்கள் தலையில் வாங்கி, அவருக்குத் தெரியாமலே நேராக்கி வைத்திருக்கிறார்கள். அன்று வள்ளத்தில் ஏற்றியது போதாதென்று, இன்றும் கரையேற்றியது கஸ்பர்தான். அப்படிப்பட்ட மனிதரைத் தனக்குத் தந்ததற்காக அவர் அந்தச் சமையலறையில் நின்றபடியே கடவுளுக்கு நன்றி சொன்னார்.

ஸ்டெபனிக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். ஆறு நாள் தவக்காலம், ஒரு நாள் போட்டி. முகத்தைச் சுளிப்பாள் என்றுதான் எதிர்பார்த்தார்.

"வெயிட். அந்தக் கேர்ள்ஸ் எங்களோடை விளையாடுறதுக்காகப் போய்க் கேட்டவையா?"

"ஓம்."

"அப்ப நாங்கள் இன்னும் பிராக்டிஸ் பண்ண வேணும் அப்பா," என்று சொல்லிவிட்டு, மேசையிலிருந்த புது வலையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டாள்.

றோசலின் தட்டைப் பார்த்தாள். பாதி ரோல்ஸ் அப்படியே இருந்தது.

"பின்னேரப் பூசை எத்தினை மணிக்கு?" என்று கேட்டார் சீமோன்.

"ஆறரைக்கு. உங்களுக்கெல்லோ பின்னேர ஷிப்ற்."

அவர் அதற்குள் ஒரு நாள் லீவு கேட்க, தொழிற்சாலைக்கு எண்களை அழுத்தத் தொடங்கியிருந்தார்.